எங்க அம்மாவின் காலம்: ஒரு மானாவாரிக் காட்டுப் பெண்ணின் வரலாறு



நம் கூட்டமைப்பின் மலருக்கு நம்ம பகுதிப் பெண்களின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னாங்க. நான் எங்க அம்மாவைப் பற்றி எழுதுறேன்னு சொன்னேன். "அம்மாவைப் பத்தி எழுதுறதுக்குப் பேரு வரலாறா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எங்க அம்மா தேர்தலில் நின்றவர் இல்லை, மேடை ஏறியவர் இல்லை. ஆனால் சட்டம் வந்தது, திட்டம் வந்தது, சங்கம் வந்தது என்று நாம் வரிசையாகச் சொல்கிறோமே, அதெல்லாம் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை ஒரு தாயின் வாழ்க்கையை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். இதைப் படிக்கும்போது உங்க அம்மாவும் உங்களுக்கு நினைவுக்கு வருவாங்க.

மானாவாரிக் காடு

எங்க ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். அம்மா பிறந்தது 1948 வாக்கில். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அப்போது நாங்கள் சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965ல்தான். கல்யாணம் 1963ல் நடந்தது. அம்மாவுக்கு 15 வயசு. அன்றைய சட்டப்படி பெண்ணுக்கு 15 ஆனாலே போதும். 18 ஆகணும் என்று சட்டம் மாறியது 1978ல்.

அப்பா வீட்டுக்கு மூணு ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் கரம்பு. கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை இவைதான் பயிர். கேழ்வரகுக்கு நடுவில் சால் விட்டு அவரையும் துவரையும் போடுவார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று கை கொடுக்கும். நெல்லுச் சோறு என்பது பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். மற்ற நாளெல்லாம் களியும் கூழும்.

உழுவதும் விதைப்பதும் அப்பா. களை எடுப்பது, கதிர் அறுப்பது, அடித்துத் தூற்றுவது, காய வைப்பது, சேமிப்பது அம்மா. இதில் முக்கியமானது விதை. களத்துக்குப் போகும் முன்பே நல்ல கதிராகப் பார்த்து ஒடித்து, கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்க விடுவாங்க. பூச்சி வராது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைப்பாங்க. எந்தக் கதிர் விதைக்கு, எது சாப்பாட்டுக்கு என்பது அம்மாவின் முடிவு. அதில் அப்பா தலையிட்டதே இல்லை.

மழை பொய்த்த ஒரு வருஷம் தை மாசமே பானை காலி. நாங்க நாலு பிள்ளைகளும் அடுப்படியில் உட்கார்ந்து மேலே தொங்குற கேழ்வரகுக் கட்டையே பார்த்துக்கிட்டு இருந்தோம். எங்க ஆயாவே, "எடுத்து அரைச்சுக் காய்ச்சிக் குடு, பிள்ளைங்க வாடுது"ன்னு சொல்லிட்டாங்க. அம்மா கையை வைக்கலை. "இதைத் தின்னா ரெண்டு நாள் பசி போகும். அப்புறம் ஊரை விட்டே போகணும்"னு சொல்லிட்டு, மறுநாள் விடியறதுக்கு முன்னாடி புளி தட்டுற வேலைக்குப் போனாங்க. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஓடு உடைத்து, நார் நீக்கி, கொட்டை எடுத்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையால்தான் ராத்திரி எங்களுக்குக் கூழ் ஊத்துவாங்க. ஆடியில் மழை வந்தபோது விதைக்க எங்க வீட்டில் விதை இருந்தது.

எந்தக் கணக்கிலும் ஏறாத வேலை

அம்மாவின் ஒரு நாளைச் சொல்கிறேன். நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, திரிகையில் கேழ்வரகு அரைக்கணும். சாமை என்றால் உரலில் குத்தணும். ரெண்டு படி சாமை குத்தினால் ஒரு படி அரிசி தேறும். தோள்பட்டை கழன்று போகும். பிறகு தண்ணீர். ஊர்க் கிணறு வற்றினால் அடுத்த ஊர்க் கிணறு. எங்க பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது பின்னாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பல்லில் பழுப்புக் கறை இருந்தால் "தர்மபுரியா?" என்று வெளியூரில் கேட்பார்கள். அம்மா தூக்கி வந்த தண்ணீரே மூட்டைப் பிடிக்கிற தண்ணீராக இருந்திருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013ல். அம்மா ஒரு வருஷம்தான் அந்தத் தண்ணீரைக் குடித்தாங்க.

தண்ணீருக்குப் பிறகு காட்டு வேலை, திரும்பும்போது தலையில் விறகு, மாட்டுக்குப் புல், ராத்திரிச் சமையல். அப்பா வேலை இல்லாத மாசங்களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார். அப்போது வீடு, காடு, மாடு, மாமியார், பிள்ளைகள் எல்லாம் அம்மா தலையில்.

இப்போது கணக்கைப் பாருங்க. பட்டா தாத்தா பேரில் இருந்து அப்பா பேருக்கு வந்தது. பால் சொசைட்டி அட்டை அப்பா பேரில். ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் அப்பா. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் "உங்க சம்சாரம் என்ன வேலை?" என்று கேட்டால், "வீட்டுல சும்மாத்தான் இருக்குது" என்று பதில் வரும். வீட்டு வேலை மட்டும் செய்பவரை இந்தக் கணக்கெடுப்பு வேலை செய்யாதவர் பட்டியலில்தான் சேர்க்கும். அதனால் அப்படிப் பதில் சொன்ன வீடுகளில் காட்டில் களை எடுத்த பெண்கள்கூட வேலை இல்லாதவர்களாகவே பதிவானார்கள்.

அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது. அடுக்களைச் சுவரில் கரிக்கோடு. யாரிடம் எத்தனை படி விதை வாங்கினோம், யாருக்கு எத்தனை நாள் களை எடுக்கப் போகணும், பால் எத்தனை லிட்டர் ஊத்தினோம், எல்லாம் கோடும் புள்ளியுமாக இருக்கும். ரெண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு எழுத்து மறந்துவிட்டது. கணக்கு மறக்கவில்லை. பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிக்கும்போது தீராத கோட்டை மட்டும் விட்டு அடிப்பாங்க.

மூணாவது பெண்

அம்மாவுக்கு முதல் இரண்டும் பெண். 1966ல் பெரியக்கா, 1969ல் சின்னக்கா. 1974ல் மூணாவதாகப் பிறந்தது நான்.

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். நம்ம மாவட்டத்து வரலாற்றில் இதை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்யாகிவிடும். சேலம், தர்மபுரி, மதுரைப் பக்கங்களில் மூணாவதாகப் பெண் பிறந்தால் சில வீடுகளில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் வயதானவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

எங்க வீட்டிலும் பேச்சு வந்திருக்கு. எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் இதைச் சொன்னாங்க. சொந்தத்தில் ஒரு வயதான அம்மா வந்து, "மூணையும் எப்படிக் கரையேத்துவ? யோசனை பண்ணிக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனாங்களாம். அம்மா பதில் பேசலையாம். ஆனால் அன்றிலிருந்து பதினாறு நாள் என்னைக் கீழேயே விடலையாம். தூளியில் போடலை, யார் மடியிலும் கொடுக்கலை. குளிக்கப் போனால்கூடப் பெரியக்காவைக் கூப்பிட்டு, "இவ பக்கத்துலயே உக்காந்துக்கோ, யாரு வந்து கேட்டாலும் குடுக்காத"ன்னு சொல்லிட்டுத்தான் போவாங்களாம். பெரியக்காவுக்கு அப்போ எட்டு வயசு.

அம்மா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது 1992ல். தர்மபுரி போன்ற மாவட்டங்களுக்கு அது 2001ல் வந்தது. அதற்கெல்லாம் எத்தனையோ வருஷம் முன்னாடி, எந்தத் திட்டமும் இல்லாமல், இப்படித் தன் உடம்பையே வேலியாக்கிப் பிள்ளையைக் காப்பாற்றிய தாய்மார்கள் ஊருக்கு ஊர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. இந்த மலரைப் படிக்கிறவர்களிலும் அப்படிக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் இருப்பீர்கள்.

மதியச் சோறு

பெரியக்கா அஞ்சாவதோடும் சின்னக்கா மூணாவதோடும் பள்ளிக்கூடத்தை விட்டுட்டாங்க. ஒருத்தி ஆடு மேய்க்கணும், ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கணும். நான் மூணாவது படிக்கும்போது, 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராசர் 1956லேயே மதிய உணவு தொடங்கியிருந்தார். இப்போது அது இன்னும் பெரிதாக, பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வந்தது.

களி தின்ற பிள்ளைகளுக்குத் தினமும் நெல்லுச் சோறு என்றால் எப்படி இருக்கும்! நாங்க தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். எனக்கு அது சோறு. அம்மாவுக்கு அது பெரிய விடுதலை. மதியத்துக்குக் காட்டிலிருந்து ஓடி வந்து அடுப்பு மூட்ட வேண்டாம். அதைவிடப் பெரிசு, "இவளும் நின்னு வேலைக்கு வரட்டும்" என்று சொன்னவர்களுக்குச் சொல்ல அம்மாவுக்கு ஒரு பதில் கிடைச்சது: "அங்க இருந்தா ஒரு வேளை சாப்பிடுறா, உங்களுக்கு என்ன நஷ்டம்?" அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பத்தாவது வரைக்கும் கொண்டு வந்தாங்க. சோத்துக்குப் போன பிள்ளை படிப்போடு திரும்பி வந்தது. எங்க ஊரில் என் வயதுப் பெண்கள் பலர் எழுதப் படிக்கக் கற்றது இப்படித்தான்.

சங்கம் வருவதற்கு முன் இருந்த சங்கம்

சேமிப்பு என்பது 1989க்குப் பிறகுதான் நமக்குத் தெரியும் என்று சில கூட்டங்களில் பேசுகிறார்கள். அது சரியில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது நம் பாட்டிமார் பழக்கம். கடுகு டப்பாவுக்குள் எட்டணா, முந்தானை முடிச்சில் ஒரு ரூபாய். இன்னைக்கு என் காட்டில் நீ களை எடு, நாளைக்கு உன் காட்டில் நான் எடுக்கிறேன் என்று கூலி இல்லாமல் ஆள் மாற்றிக்கொண்டோம். பிரசவம் ஆன வீட்டுக்கு ஆளுக்கு ஒரு நாள் கூழ் காய்ச்சிக் கொடுத்தோம். சேர்ந்து இருக்கத் தெரியும், சேர்த்து வைக்கத் தெரியும்.

இல்லாதது ஒன்றுதான்: அவசரத்துக்குப் பெரிய தொகை வேணும்னா வட்டிக்காரரிடம்தான் போகணும். நூற்றுக்கு மாசம் 5 ரூபாய், 10 ரூபாய் வட்டி. மாசம் 10 ரூபாய் என்றால் பத்தே மாசத்தில் வட்டியே அசல் அளவுக்கு வந்துவிடும். எனக்கு ஒரு முறை காய்ச்சல் முற்றியபோது அம்மா தோட்டை அடகு வைத்தாங்க. அது மீளவே இல்லை. காதில் துளசிக் குச்சியைச் சொருகிக்கொண்டு இருந்தாங்க.

1989ல் ஐஃபேட் என்கிற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பெண்கள் குழுத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாவட்டம் நம்ம தர்மபுரிதான். பிறகுதான் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று போனது. மாநிலம் முழுக்க மகளிர் திட்டமாக விரிந்தது 1997க்குப் பிறகு. இது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்.

முதல் நோட்டு

எங்க ஊரில் குழு தொடங்கியது 1991ல். 17 பேர். மாசம் 10 ரூபாய் சேமிப்பு. பத்தாவது தேறி மேலே படித்துக்கொண்டிருந்த என்னை நோட்டு எழுதக் கூப்பிட்டாங்க. அந்த முதல் தீர்மான நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்து, எலி கடித்து, என் பழைய கையெழுத்தோடு.

இந்தக் கட்டுரைக்காக அதை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் இரண்டு வருஷம் யார் எதற்குக் கடன் வாங்கினார்கள் என்று பார்த்தேன். மகன் வைத்தியம். மகள் பிரசவம். கடலை விதை. அடகு மீட்க. பள்ளிக்கூடப் புத்தகம். மாட்டுக்குத் தவிடு. ஒரு பெண்கூடத் தனக்கு என்று வாங்கவில்லை. ஒருவர் மட்டும் "செருப்பு" என்று கேட்டிருக்கிறார். அதுவும் காட்டுக்குப் போகிற கணவருக்கு.

அம்மாவின் பெயரில் உள்ள முதல் கடன் 400 ரூபாய். காரணம்: "மகள் பன்னிரண்டாவது படிப்பு". நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. அந்த வரியை எழுதியது நானே. எழுதும்போது ஒன்றும் தோணலை. இப்போ படிக்கும்போதுதான் புரியுது, அம்மாவின் பெயர் ஒரு கணக்குப் புத்தகத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

ரேகைக்குப் பக்கத்தில் பெயரை எழுதுவது என் வேலை. 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. எங்க ஊரிலும் ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்து வகுப்பு நடந்தது. நாள் முழுக்க உழைத்த உடம்பு, பாதிப் பேர் தூங்கி வழிவாங்க. அம்மா கரித்துண்டை எடுத்துச் சுவரில் தன் பெயரை எழுதிப் பழகினாங்க. ஒரு மாசத்துக்குப் பிறகு நோட்டில் ரேகை இல்லை, கோணல் மாணலாக ஒரு கையெழுத்து இருக்கிறது. குழுவில் யாராவது தவணை மாற்றிச் சொன்னால் நோட்டைப் பார்க்காமலே அம்மா திருத்துவாங்க. கரிக்கோட்டுக் கணக்கு போட்ட தலை அல்லவா!

பட்டா

அப்பா 2006ல் இறந்தார். உயில் கிடையாது. அடுத்த வருஷம் தம்பி ஒரு பத்திரத்தோடு வந்தான். போர் போடக் கடன் வேணும், பட்டா தன் பேரில் இருந்தால் சுலபம், அம்மாவும் அக்காக்களும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும் என்றான். தம்பி கெட்டவன் இல்லை. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் கேட்டான்.

அம்மா அந்த மாசக் கூட்டத்தில் எழுந்து கேட்டாங்க: "எழுதித் தர்றது இருக்கட்டும். என் பேரைப் போடணும்னா என்ன செய்யணும்?" கூட்டத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசலை. 60 வயசு நெருங்குகிற, எதுவுமே தனக்கென்று கேட்காத பெண் அப்படிக் கேட்பாங்கன்னு யாரும் நினைக்கலை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். உயில் இல்லாமல் கணவர் இறந்தால், அவர் பங்கில் பிள்ளைகளோடு மனைவிக்கும் பங்கு உண்டு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்ணுக்கு அது கிடையாது. எங்க வீட்டையே பாருங்க: பெரியக்காவுக்கு 1984ல் கல்யாணம், சின்னக்காவுக்கு 1987ல். எனக்கு அதற்குப் பிறகு. ஒரே வயிற்றில் பிறந்த மூணு பெண்களில் எனக்கு மட்டும் அந்த உரிமை. இந்தக் கோட்டை அழித்தது 2005 செப்டம்பர் 9ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் திருத்தச் சட்டம். 2005ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதும் முக்கியம் இல்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது.

குழுவில் நாலு பேர் அம்மாவோடு நடந்தோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ் என்று எட்டு மாசம். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா பட்டா?" என்று ஒருவர் கேட்டார். "இத்தனை வயசு வரைக்கும் இல்லாததாலதான் சாமி" என்று அம்மா சொன்னாங்க.

கூட்டுப் பட்டா வந்தது. அம்மா பெயர், தம்பி பெயர், சின்னக்கா பெயர், என் பெயர். பெரியக்கா பெயர் இல்லை. அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். "எனக்கு நிலம் வேண்டாம். அம்மா வீடுன்னு வர ஒரு வாசல் இருந்தா போதும்" என்றாள். எட்டு வயசில் என்னைக் காவல் காத்தவள் அவள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிற பயம்தான். தம்பி ஒன்றரை வருஷம் எங்களோடு பேசவில்லை. பிறகு பேசினான். கூட்டுப் பட்டாவை வைத்தே, எங்க எல்லோர் கையெழுத்தோடும் கடன் வாங்கிப் போரும் போட்டான்.

பட்டா வந்த அன்று அம்மா எதுவும் பெரிதாகச் சொல்லலை. தன் பெயரை எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படித்தாங்க. பிறகு அதை விதைக் கட்டு தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், தகரப் பெட்டியில் வைத்தாங்க. 2014ல் அம்மா இறந்தாங்க.

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, நம் அம்மாமார்களைத் தியாகி, தெய்வம் என்று சொல்லி ஒரு மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எங்க அம்மா தெய்வம் இல்லை. கோபம் வந்தால் விறகுக் கட்டையைத் தூக்குவாங்க. தம்பிக்கு ஒரு கரண்டி நெய் அதிகம் ஊத்துவாங்க, நாங்க கேட்டால் கண்டுக்காத மாதிரி இருப்பாங்க. அவங்க ஒரு விவசாயி, விதை காத்தவர், கணக்கு தெரிந்தவர், தன் பிள்ளைக்காக ஊரை எதிர்த்து நின்றவர். அந்த உழைப்புக்கு உரிய பேரை எழுதி வைக்க அவங்களுக்கு அறுபது வருஷம் ஆனது. நமக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது.

அதனால் மூன்று வேலைகள். ஒன்று, உங்க வீட்டுப் பட்டாவையும் வாரிசுச் சான்றையும் எடுத்துப் பாருங்க. அம்மா பெயர், உங்க பெயர் இருக்கிறதா என்று கூட்டத்தில் கேளுங்க. இரண்டு, உங்க குழுவின் முதல் தீர்மான நோட்டைப் பத்திரப்படுத்துங்க, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீங்க. நம்ம வரலாறு அதில்தான் இருக்கிறது. மூன்று, உங்க அம்மாவோ மாமியாரோ உயிரோடு இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்க: எப்போது கல்யாணம், எந்த வருஷம் பஞ்சம், எதை அடகு வைத்தாங்க, எதை விட்டுக் கொடுக்கலை. எழுத வராதவர்கள் சொல்லுங்க, பிள்ளைகள் எழுதட்டும்.

நம் கூட்டமைப்பின் அடுத்த மலரில் உங்க அம்மாவைப் பற்றிப் படிக்கக் காத்திருக்கிறேன்.